ஆறுக்கும் ஏழுக்கும் நடுவே

எங்கள் கட்டடத்தில் ஜோரானாவை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "லிஃப்ட்காரி" என்பார்கள். செர்பியாவில் எங்கள் ஊரான நோவி சாத்தில் லிஃப்டுகளுக்கு மூளை செய்யும் கம்பெனி ஒன்றில் அவள் எஞ்சினியர். தன் வீடு இருக்கும் கட்டடத்துக்கே ஒன்றை மலிவாக வாங்கிப் பொருத்தினாள். சொந்தச் செலவில் சூனியம்.

அந்த மூளை நகத்தளவு சில்லு. அதற்குள் த்ரெட் எனப்படும் பல வேலைகள் முறைவைத்து ஓடும். டைமர் மணி அடித்தால் மட்டும், ஓடுகிற வேலை அப்படியே நிற்க, டைமரின் வேலை குறுக்கே புகுந்துவிடும். அதுதான் இன்டரப்ட். எங்கோ இரண்டு முட்டிக்கொண்டதில் லிஃப்ட் எப்போதாவது மாடிகளுக்கு நடுவே செத்துவிடும். ஆபீஸ் மேஜையில் அதே சில்லை ஓட்டினால், தன்யூப் ஆறு மேற்கே திரும்பி ஓடினாலும் இது நிற்காது. நிரலை நிறுத்தித் துழாவினாலோ பிழை சமர்த்தாகப் படுத்துக்கொள்ளும்.

எட்டாம் மாடியில் சக்கர நாற்காலியில் அவள் அம்மா ருஜா. லிஃப்டை மூடிவிட்டால் அம்மாவுக்கு ஜன்னல்தான் ஊர். கட்டடத் தலைவர் மிலுட்டினோ, இன்னொரு முறை நின்றால் பூட்டுத்தான் என்று சொல்லிவிட்டார்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஆறுக்கும் ஏழுக்கும் நடுவே நின்றது. உள்ளே ஜோரானாவும், கையில் கசகசா ரொட்டிச் சுருளோடு பக்கத்து வீட்டு தேசாங்காவும். ஹங்கேரியில் யாராவது ஜன்னலைத் திறந்தால் அந்தக் காற்றில் தேசாங்காவுக்கு இங்கே கழுத்துப் பிடித்துக்கொள்ளும். நான் படிக்கட்டில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தக் கதவில் ஒட்டுக்கேட்கக் காதே வேண்டாம்.

"என்னத்த தொட்டீங்க அத்தை?"

"நான் ஒண்ணும் தொடலடி. பொத்தான அழுத்தி மேல ஓடுற விசிறிய மட்டும் நிறுத்தினேன். பிடரியிலயே அடிக்குது."

"எப்பவும் நிறுத்துவீங்களா?"

"பின்ன? சாகச் சொல்றியா?"

ஜோரானா பொத்தான் பலகையைத் தட்டும் சத்தம் கேட்டது.

"ஆபீஸ் மேஜையில அந்த விசிறியே இல்ல அத்தை. பொத்தானோட சேத்து நாங்கதான் பிடுங்கிப் போட்டோம். எங்க கழுத்துக்கும் ஆகலன்னு."

"புத்தியுள்ள பிள்ளைங்க. சுருள் சாப்பிடு."

"சாப்பாடு இருக்கட்டும். கதவப் பாத்துக்கிற வேலைய ஒரு ஆளுன்னு வெச்சுக்குங்க, அவன் கையில ஒரு சாவி, அது இருக்கிறவன்தான் விசிறியத் தொடலாம். சாவி அவன் கையில இருக்கிறப்ப நீங்க பொத்தான அழுத்தினா, பொத்தானப் பாக்க வர்ற டைமர் அவன் மேல ஏறி உக்காந்துகிட்டு, சாவியக் குடுங்கிறான். இவன் இறங்கினாத்தானே அவன் எந்திரிச்சுக் குடுப்பான்? சாவி வராம இவன் இறங்க மாட்டான்."

"எங்க வீட்டுக்காரரத் தெரியுமா உனக்கு?"

வெளியே மிலுட்டின் கதவைத் தட்டினார். "லிஃப்ட்காரி, பூட்டு கையோட இருக்கு."

"தாராளமா போடுங்க தலைவரே. எங்கள வெளிய எடுத்துட்டுப் போடுங்க. இல்ல, சாயங்காலம் வரைக்கும் பொறுங்க. பிழையப் பிடிச்சுட்டேன்."

மேலே கைச்சக்கரத்தைச் சுற்றி அவர்களை இறக்குவதற்குள் தேசாங்கா சுருளில் பாதியை முடித்திருந்தாள். ஜோரானா மடிக்கணினியோடு யந்திர அறைக்கு ஓடினாள். டைமர் இனிச் சாவி கேட்காது. 'பொத்தானை அழுத்தினார்கள்' என்று ஒரு சொல் போட்டுவிட்டு வந்த வழியே போய்விடும். விசிறியைக் கதவு வேலையே தன் முறை வரும்போது நிறுத்திக்கொள்ளும்.

சாயங்காலம் ருஜாவை நாற்காலியோடு லிஃப்டுக்குள் தள்ளினார்கள். ஜோரானாவோடு தேசாங்காவும் நானும் ஏறினோம். தேசாங்கா எட்டாம் மாடியிலிருந்தே மரங்கொத்தி மாதிரி அந்தப் பொத்தானைக் குத்தத் தொடங்கினாள். ஏழுக்கும் ஆறுக்கும் நடுவே விசிறி நின்றது. ஜோரானா அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"எதுக்குடி இப்பிடிக் கிள்ற?" என்றாள் ருஜா. லிஃப்ட் ஐந்தைத் தாண்டியிருந்தது.

கீழே கதவு திறந்தது. பூட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மிலுட்டினே நாற்காலியை வாங்கித் தள்ளினார். வாசலில் ருஜா கையைத் தூக்கினாள்.

"இருங்க, இருங்க. என்ன காத்து இது. போயி என் கழுத்துத் துணிய எடுத்துட்டு வா."

ஜோரானா திறந்திருந்த லிஃப்டை ஒருமுறை பார்த்தாள். எட்டு மாடியும் படியேறிப் போனாள்.