எதிர்காற்று இல்லாத மூன்று கிலோமீட்டர்

நம்பாதவர்களை அந்த வளைவுக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்ட என்னால் முடியும். சாலை அங்கேதான் இருக்கிறது. உப்பங்கழியும் அங்கேதான் இருக்கிறது. காற்றை மட்டும் காட்ட முடியாது. அதனால் நடந்ததை நடந்தபடி, தேதியோடும் நேரத்தோடும் எழுதிவிடுகிறேன். கையில் பழைய டிஜிட்டல் வாட்ச் ஒன்று கட்டியிருப்பேன். சைக்கிள் ரேஸ் ஓட்டுகிறவன் எதற்கெடுத்தாலும் நேரம் பார்ப்பான். அந்தப் பழக்கம்தான் இப்போது என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது.

என் பெயர் உதயகுமார். ஊர் கோட்டைக்குப்பம். என் அப்பா, நைனா என்றுதான் கூப்பிடுவேன், பழவேற்காடு ஏரியில் இறால் பிடிக்கிறவர். நான் பழவேற்காட்டில் ஓர் ஐஸ் கம்பெனியில் ஐஸ் பார் தூக்குகிறேன். வேலை காலை ஏழு மணிக்கு. அதற்குள் சைக்கிள் ஓட்டி முடித்தாக வேண்டும். அதனால் நாலே முக்காலுக்கெல்லாம் சாலையில் இருப்பேன். என்னையும் அஜ்மலையும் பார்த்து ரேஸ் ஓட்டுகிற பையன்கள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். என் ஷூவின் அடிப்பாகம் பிய்ந்தபோது வலை தைக்கும் நைலான் நூலால் நைனாதான் தைத்துக் கொடுத்தார். சென்னைப் பையன்கள் ரேஸின் நடுவே ஏதோ பாக்கெட்டைக் கிழித்து உறிஞ்சுவார்கள். எங்களுக்குக் கடலை மிட்டாய். அவர்கள் பஞ்சர் ஆனால் டியூபைத் தூக்கிப் போடுவார்கள். என் டியூபில் பதினோரு ஒட்டு இருந்தது. பன்னிரண்டாவது ஒட்டுக்கு இடம் தேடிக்கொண்டிருந்தேன்.

அஜ்மல் பழவேற்காடு பஜாரில் செல்போன் ரிப்பேர் செய்வான். என்னைவிட ஒரு வயது பெரியவன், ஒரு சாண் உயரம் அதிகம். சைக்கிள் ரேஸில் பெரிய எதிரி காற்றுதான். முன்னால் போகிறவன் அதை நெஞ்சில் வாங்கிக்கொண்டால் பின்னால் ஒட்டி வருகிறவனுக்குப் பாதி பாரம் குறையும். முறைப்படி ஆளுக்குக் கொஞ்ச நேரம் மாறி மாறி முன்னால் போக வேண்டும். அஜ்மல் மாறவே மாட்டான்.

“தலையத் தூக்காத உதயா. என் வீலைப் பாத்துக்கினே வா. காத்தை நான் பாத்துக்கறேன்” என்பான்.

மூன்று வருஷம் அவன் முதுகுக்குப் பின்னால்தான் ஓட்டினேன்.

எங்கள் வழி எப்போதும் ஒன்றுதான். பாலத்தைத் தாண்டி லைட்ஹவுஸ் குப்பம், அங்கிருந்து தெற்கே பன்னிரண்டு கிலோமீட்டர், பிறகு அதே வழியில் திரும்புவோம். திரும்பும்போது ஒரு சவுக்குத் தோப்பு வரும். தோப்பு முடிந்தால் மூன்று கிலோமீட்டருக்கு ஒரு மரம் கிடையாது. வலப்பக்கம் மணல், அதற்கப்பால் கடல். இடப்பக்கம் உப்பங்கழி. கார்த்திகையிலிருந்து தை வரை வாடைக்காற்று நேராக முகத்தில் அடிக்கும். அந்த மூன்று கிலோமீட்டரின் முடிவில் சாலை சட்டென்று வலப்பக்கம் வளையும். வளையாமல் நேரே போனால் தண்ணீர்.

டிசம்பர் பதினொன்று. அதிகாலை 4:20. போன் அடித்தது. ‘அஜ்மல்’ என்று வந்தது. வெளியே தூறல். முந்தின நாள் எனக்கு ரெண்டு ஷிப்ட் வேலை, தோள் கழன்று போகிற மாதிரி வலி. ஒரு மாதமாகவே நான் பாதி நாள்தான் போயிருந்தேன். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போர்த்திக்கொண்டேன்.

காலையில் உப்பங்கழியில் கையால் தடவி இறால் பிடிக்க வந்த நாகம்மாள் அக்காதான் அவனைப் பார்த்தார். அந்த வளைவுக்கு நேர் எதிரே, இடுப்பளவு தண்ணீரில், உயிரில்லாமல். சைக்கிள் கரையில் கிடந்தது. அஜ்மலுக்கு நன்றாக நீச்சல் தெரியும். இருட்டில் வளைவு தெரியாமல் போய் விழுந்து, தலையில் அடிபட்டிருக்கும் என்றார்கள். தினமும் ஓட்டுகிற வளைவு. கண்ணை மூடிக்கொண்டே திரும்புவான்.

நான் என் சைக்கிளை எடுத்துப் பரண்மேல் போட்டேன். ஜனவரி முதல் வாரம் அவன் வாப்பா அப்துல் ரவூப் என் வீட்டுக்கு வந்தார். அஜ்மலின் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்திருந்தார்.

“நீ ஓட்டு பா. உப்புக் காத்துல சும்மா நின்னா துருப் பிடிச்சுப் போவும். அவன் பாத்தா திட்டுவான்.”

சொல்லிவிட்டு என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார். போனைக் கவிழ்த்து வைத்ததை அன்றும் அவரிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

பிப்ரவரியில் மாவட்ட ரேஸ் இருந்தது. முதல் பத்து பேருக்குள் வந்தால் சென்னையில் ஒரு டீமில் சேர்த்துக்கொள்வார்கள். அது அஜ்மலின் கனவு. அவனுக்காக ஓட்டுவோம் என்று தோன்றியது. அவன் சைக்கிளின் முன்சக்கர டியூப் கிழிந்திருந்தது. என் டியூபைக் கழற்றிப் போட்டேன்.

ஜனவரி ஒன்பது. திரும்பி வருகிறேன். 5:41க்கு சவுக்குத் தோப்பு முடிந்தது. காற்று முகத்தில் அறைந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு குனிந்தேன்.

ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. காற்று நின்றது.

நின்றது என்றால், எனக்கு மட்டும். இடப்பக்கம் கரையோரக் கோரை படுத்து ஆடிக்கொண்டிருந்தது. மணல் சாலையின் குறுக்கே ஓடிக்கொண்டிருந்தது. என் முகத்தில் மட்டும் காற்று இல்லை. சைக்கிளை ஓர் அடி இடப்பக்கம் நகர்த்தினேன். காற்று அடித்தது. திரும்ப உள்ளே வந்தேன். இல்லை.

ரேஸ் ஓட்டுகிறவனுக்கு அது என்னவென்று யாரும் சொல்ல வேண்டாம். முன்னால் ஒருவர் போகும்போது இருக்கிற அமைதி அது.

முன்னால் யாரும் இல்லை.

பயந்தேனா என்று கேட்டால், இல்லை. அழுதேன். மூன்று கிலோமீட்டரும் அழுதுகொண்டே ஓட்டினேன். வளைவு வந்தது. திரும்பினேன். காற்று மறுபடி வந்துவிட்டது.

அதற்குப் பிறகு தினமும் அப்படித்தான். தோப்பு முடிந்ததும் அமைதி. வளைவில் காற்று. நான் பேச ஆரம்பித்தேன். போனைக் கவிழ்த்து வைத்ததைச் சொன்னேன். மன்னித்துவிடு என்றேன். ஐஸ் கம்பெனியில் நடந்தது, நைனாவுக்கு வலையில் எதுவும் விழாதது, வாப்பா இளைத்துப்போனது, எல்லாவற்றையும் சொன்னேன். முன்பெல்லாம் அவன் முதுகைப் பார்த்துப் பேசின மாதிரியே பேசினேன். வெளியில் யாரிடமும் மூச்சு விடவில்லை. சொன்னால் போய்விடும் என்று பயம்.

என் வேகம் கூடிக்கொண்டே போனது. அந்த மூன்று கிலோமீட்டரை ஐந்தரை நிமிஷத்தில் கடந்தேன். எதிர்காற்றில் அது எனக்கு முடியாத வேலை.

சில விஷயங்கள் சரியில்லை. அப்போது அவற்றைக் கணக்கில் எடுக்கவில்லை.

லைட்ஹவுஸ் குப்பத்து நாய்கள் எங்களை விட்டதே இல்லை, பாலம்வரை துரத்தும். அந்த நாட்களில் ஒன்றுகூடக் குரைக்கவில்லை. சாலையோரம் உட்கார்ந்து பார்க்கும். என்னைப் பார்க்காது. எனக்குச் சற்று முன்னால் பார்க்கும்.

அப்புறம் ஒரு சத்தம். மிதிப்பதை நிறுத்தினால் சைக்கிளின் பின்சக்கரம் ‘டிக்... டிக்... டிக்...’ என்று சத்தம் போடும். மிதிக்கும்போது அது வராது. நான் மிதித்துக்கொண்டே இருந்தேன். சத்தம் முன்னாலிருந்து வந்தது.

நான் பின்தங்கினால் அஜ்மல் அப்படித்தான் மிதிப்பதை நிறுத்திவிட்டு எனக்காகக் காத்திருப்பான். அதனால் அந்தச் சத்தம் கேட்டதும் சந்தோஷப்பட்டேன்.

ஜனவரி இருபத்தேழு.

அன்று தோப்புக்குள்ளேயே காற்று நின்றுவிட்டது. எப்போதையும்விட முன்னாலேயே. மணி 5:38.

அவன் காலுக்குத் தடவும் தைலத்தின் வாசனை வந்தது. முதல் தடவையாக.

“அஜ்மல்...” என்றேன்.

டிக்... டிக்... டிக்...

வேகம் கூட்டினேன். சத்தமும் தள்ளிப் போனது. இன்னும் கூட்டினேன்.

முகத்தில் ஏதோ தெறித்தது. மழைநாளில் முன்னால் போகிறவனின் சக்கரம் பின்னால் வருகிறவன்மேல் வாரி அடிக்குமே, அந்த மாதிரி தண்ணீர்.

சாலை காய்ந்து கிடந்தது.

உதட்டை நக்கினேன். உப்பு.

அப்போது குரல் கேட்டது. காதுக்குப் பக்கத்தில். தெளிவாக.

“தலையத் தூக்காத.”

அவன் குரல்தான். ஆனால் அதற்குப் பிறகு என் பேர் வரவில்லை. மூன்று வருஷத்தில் என் பேரைச் சேர்க்காமல் அவன் அதைச் சொன்னதே இல்லை.

தலையைத் தூக்க நினைத்தேன்.

முடியவில்லை.

கழுத்தை யாரும் பிடிக்கவில்லை. அந்த அமைதி அவ்வளவு இதமாக இருந்தது. தூக்கவே மனசு வரவில்லை.

இன்னும் வேகம்.

டிக்... டிக்...

டப்!

முன்சக்கர டியூப். பழைய ஒட்டு ஒன்று பிய்ந்துவிட்டது. சைக்கிள் துள்ளியது. நான் மணலில் உருண்டேன்.

கண்ணைத் திறந்தேன். கைக்கு எட்டும் தூரத்தில் தண்ணீர்.

சாலை எனக்குப் பின்னால், பத்தடி தள்ளி, வலப்பக்கம் வளைந்து போய்க்கொண்டிருந்தது.

காற்று ஊளையிட்டுக்கொண்டு வந்து முகத்தில் அடித்தது.

சத்தம் நிற்கவில்லை.

டிக்... டிக்... டிக்...

நேராகப் போனது. தண்ணீர்மேல். ஒரு சலசலப்பு இல்லை. ஓர் அலை இல்லை.

நடுவில் போய் நின்றது.

நகரவில்லை.

எனக்காகக் காத்திருந்தது...

மணி 5:43.

சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினேன். லைட்ஹவுஸ் குப்பம் வரும்வரை திரும்பிப் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலம் சைக்கிளைத் திருப்பிக் கொடுக்க அஜ்மல் வீட்டுக்குப் போனேன். வாப்பா கடைக்குப் போயிருந்தார். அவன் தங்கை ஃபர்ஹத் இருந்தாள். சென்னையில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறவள், லீவுக்கு வந்திருந்தாள். என் முழங்கைக் காயத்தைப் பார்த்ததும் பதறினாள்.

“இன்னாண்ணா ஆச்சு?”

பத்தொன்பது நாளாக யாரிடமும் சொல்லாததை அவளிடம் சொன்னேன். போனைக் கவிழ்த்து வைத்ததையும் சொன்னேன்.

“அஜ்மல் என்னைக் கூப்பிட்டுக்கினு போகப் பாத்தான் போல. அவன் மேல எனக்குக் கோவமில்ல ஃபர்ஹத்து. நான்தானே அவனைத் தனியா உட்டேன்.”

அவள் அழவில்லை. முகம் வெளுத்துப்போயிருந்தது.

“காத்து நின்னுப் போச்சுன்னா சொன்னீங்க? தோப்பு தாண்டினதும்?”

“ஆமா.”

உள்ளே போய்த் தன் போனை எடுத்து வந்தாள். “அண்ணன் எனக்கு அனுப்புனது. ஏதோ மனசு சரியில்லாம பேசறான்னு நெனச்சேன். உம்மா நெனப்புல பேசறான்னு...”

வாய்ஸ் மெசேஜ். நவம்பர் 29. காலை 6:10. அவன் சாவதற்குப் பன்னிரண்டு நாள் முன்பு.

மூச்சு வாங்க வாங்கப் பேசினான் அஜ்மல்.

“ஃபர்ஹத்து, ஒண்ணு சொல்றேன், சிரிக்காத. உதயா வராத நாள்ல, தோப்பு தாண்டினா எனக்கு எதிர்காத்தே இல்ல. யாரோ முன்னாடி போயி மறைச்சுக்கறாங்க. மருதாணி வாசனை வருது. உம்மாதான் ஃபர்ஹத்து. சத்தியமா உம்மாதான். ‘தலை குனிஞ்சே வா’ன்னு சொல்றாங்க. நான் அழுதுக்கினே ஓட்டறேன். வாப்பாகிட்ட சொல்லாத... உதயாகிட்டயும் சொல்லாத. பயந்துப்பான்.”

அவ்வளவுதான். நாற்பத்தொரு நொடி.

அவர்கள் உம்மா இறந்து ஆறு வருஷம் ஆகிறது. கடைசி நாள்வரை அஜ்மலைத் ‘தங்கம்’ என்று கூப்பிடாமல் அவர் ஒரு வார்த்தை பேசினதில்லை என்று ஃபர்ஹத் சொன்னாள். மெசேஜை இன்னொரு தடவை போட்டோம். உம்மா சொன்னதாக அவன் சொன்னதில் ‘தங்கம்’ இல்லை.

மாவட்ட ரேஸுக்கு நான் போகவில்லை. இப்போது பொன்னேரி சாலையில்தான் ஓட்டுகிறேன், லாரிகளுக்கு நடுவில். காற்று அடிக்கிறது. அடிக்கட்டும்.

அது என் அஜ்மல் இல்லை. அப்படியானால் அவன் என்னை மன்னித்தானா இல்லையா என்று இனி எனக்குத் தெரியப்போவதே இல்லை.

பத்தொன்பது நாள், அந்த இருட்டில், என் மனசில் இருந்ததையெல்லாம் கொட்டி அழுதேனே...

யாரிடம்?