ராமசெல்வி இலந்தை

வாயில் போட்ட பழத்தின் கொட்டையை ராமசெல்வி உடனே துப்பிவிட மாட்டாள். கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டே பருப்பு நிறுப்பாள். விலை கேட்பவர்களுக்கு விரல்தான் பதில் சொல்லும். "வாய்ல என்ன, கொழுக்கட்டையா?" என்று கணவர் முப்பிடாதி கேட்டால் முறைப்பாள். பிறகு கொட்டையை உள்ளங்கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். தேறும் என்று பட்டால் முந்தானையில் முடிந்துகொள்வாள்.

காலடிப்பேட்டையில் அவர்களுடைய மளிகைக் கடைக்கு மேலே மொட்டைமாடி. பாதியாக அறுத்த நீல டிரம்களில் சிவப்புக் கொய்யா, வெள்ளை நாவல், ஊருக்கு ஒரு விதமாகச் சீத்தா. மணலி ஆலைகள் பக்கமிருந்து காற்று திரும்பும் நாட்களில் இலைகளில் கரி படியும். ஈரத்துணியால் இலை இலையாகத் துடைப்பாள். உடன்குடியிலிருந்து வரும் உறவுக்காரர்கள் பலகாரம் கொண்டுவந்தால் முகம் கொடுத்துப் பேச மாட்டாள். ஈரச் சாக்கில் சுற்றிய ஒரு பழமரக் குச்சியோடு வந்தால் அன்று வீட்டில் கறிக்குழம்பு.

அந்த இலந்தையை அவள் கண்டது சாத்தாங்காட்டில், ஓர் இரும்புக் கிடங்கில். கடைக்குப் பழைய இரும்பு அலமாரி வாங்கப் போனபோது, கிடங்கின் பின்சுவரை ஒட்டித் தகரக் குவியலுக்கு நடுவே தானாக முளைத்து நின்ற மரம். பழம் எலுமிச்சை அளவு, மெல்லிய தோல், கடித்தால் வெண்ணெய். அலமாரியை முப்பிடாதி பேரம் பேச, இவள் கிளையிலிருந்து துளிர்விடும் கண்களைத் தோலோடு சீவி எடுத்துக்கொண்டாள். வீட்டில் வளர்த்த காட்டு இலந்தைக் கன்றுகளின் தண்டில் அவற்றைச் செருகிக் கட்டினாள். ஒட்டிக்கொண்டது. ராமசெல்வி இலந்தை என்று தானே பெயரும் வைத்தாள்.

கன்றுகளைத் தாராளமாகத்தான் கொடுத்தாள். வாசலுக்கு மீன் கொண்டுவரும் அங்கம்மாவுக்கும் ஒன்று போயிற்று. கூடவே ஓர் எச்சரிக்கை: "கத்தி மட்டும் படப்புடாது, பாத்துக்கோ. பட்டா செடி செத்துரும்."

அது பொய். கத்தி எடுக்கத் தெரிந்தவர்கள் கண் எடுத்து இன்னொரு மரம் செய்துவிடுவார்கள், பிறகு யார் யார் பெயரோ வந்துவிடும் என்ற பயம். ஆனால் ஒட்டுக்குக் கீழே காட்டு இலந்தை துளிர்த்துக்கொண்டே இருக்கும். அதை உடனுக்குடன் நறுக்காவிட்டால் நல்லதை அமுக்கிவிடும். நலம் விசாரிப்பதுபோல வீடு வீடாகப் போய், யாரும் பார்க்காத நேரத்தில் அவளே நறுக்கிவிட்டு வந்தாள். முழங்கால் வலி வந்த பிறகு போவது நின்றது. இதற்கிடையில் கிடங்கில் புதிய கொட்டகை போட மரத்தை வெட்டினார்கள். பெருமழையில் மாடியில் தண்ணீர் தேங்கி அவளுடைய கன்றும் அழுகியது. தெருவில் கொடுத்தவை ஒவ்வொன்றாகப் பட்டுப்போயின. அங்கம்மா வீட்டில் ஒன்று இருக்கிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

தை மாதம் ஒரு காலையில், கடையில் ஆட்கள் நிற்கும்போது அங்கம்மா ஒரு கிண்ணத்தோடு வந்தாள். உள்ளே சுண்டைக்காய் அளவில் காய்கள்.

"உம் பேரு வெச்ச எலந்தப் பயம்க்கா. எம் மருமவ சினேகா மாசமா கீறாளே, ஆசையா ஒண்ண கட்ச்சா. புளிப்புக்கு அலையுறவ, அவளே தூன்னு துப்பிட்டா!"

கடையில் எல்லோரும் சிரித்தார்கள். முப்பிடாதியும் சிரித்தார்.

"நீ சொன்னாமாறியே ஒரு கத்தி படல. சாமி கணக்கா பாத்துக்கினேன். எங்க வூட்டு மண்ணு உப்பு மண்ணுக்கா, அதான் உன் எலந்தய கெடுத்துட்சி. மனசுல வெச்சிக்காத. முள்ளு வேற காலக் கியிக்குது. இன்னிக்கி வெட்டிடறேன்னு எம் புள்ள வல்லரசு நிக்கிறான்."

ராமசெல்விக்குக் காது சுட்டது. ஆமாம், உப்பு மண்தான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. தராசில் இருந்த துவரம்பருப்பை அப்படியே விட்டுவிட்டுச் செருப்பை மாட்டினாள்.

அங்கம்மாவின் குப்பத்து வீட்டுப் பின்பக்கம் முழுவதும் முள் புதராகக் கிடந்தது. வலிக்கும் முழங்காலை மண்ணில் ஊன்றி உட்கார்ந்து விலக்கிப் பார்த்தாள். அடித்தண்டில் பழைய ஒட்டின் வீக்கம். அதற்கு மேலே விரல் பருமன்கூட இல்லாத ஒரு கிளை, அகலமான இலைகளோடு. அது செத்திருந்தால் பொய்யும் அதோடு போயிருக்கும். உயிரோடு இருந்தது.

"கத்தி கொண்டா அங்கம்மா."

"கத்தி படக் கூடாதுன்னியே?"

"பொய் சொன்னேம்மா."

"இன்னாத்துக்கு?"

"நான் ஒருத்திதான் இதுக்குச் சொந்தக்காரின்னு இருக்கணும்னு நெனச்சேன்."

அங்கம்மா காலடி மண்ணைப் பார்த்தாள். "அட, எம்மண்ணையில்ல நான் திட்டிக்கினு இருந்தேன்" என்றாள். உள்ளே போய் மீன் வெட்டும் கத்தியோடு வந்தாள்.

"இந்த வீக்கத்துக்குக் கீழ வந்தது பூரா காட்டு இலந்த. ஒண்ணு விடாம வெட்டு. மேல இருக்கே, அதுலேர்ந்து கண் எடுக்கவும் சொல்லித் தாரேன்."

கத்தி உள்ளே போக இடமில்லை. ராமசெல்வி முள் கிளைகளை வெறும் கையால் சேர்த்து அணைத்து ஒதுக்கினாள்.

"கைய எடுக்கா, குத்திக்கப் போவுது."

எடுக்கவில்லை. இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.