பொன்னுருக்கு முடிந்தால் வாசல் தாண்டக்கூடாது

என் கலியாணத்துக்கு ஆறு நாள்தான் இருந்தது. அந்தத் திங்கட்கிழமை பார்த்தா ஜெர்மன் அரசாங்கம் கூடியிருந்து யோசிக்க வேண்டும்? லித்துவேனியாவில் நிற்கும் கூட்டணிப் படைக்கு இன்னும் எவ்வளவு கைகொடுப்பது, விரும்பியவர்களை மட்டும் அனுப்புவதா, எல்லாரையுமா என்று. நான் இந்த நாட்டு இராணுவத்தில் மருத்துவ உதவியாளர். எல்லாரும் என்றால் அதில் நானும் உண்டு.

அம்மா அரசாங்கத்தை முந்தத் தீர்மானித்தார். வியாழனுக்கு வைத்திருந்த பொன்னுருக்கைத் திங்கள் காலைக்கே இழுத்துவிட்டார். மாப்பிள்ளை வீட்டில் தாலிக்குப் பொன் உருக்கியானதும் பெண்ணும் மாப்பிள்ளையும் கலியாணம் வரை வாசல் தாண்டக்கூடாது என்பது எங்கள் வழக்கம்.

"பொன்னுருக்கு முடிஞ்சால் ஒருத்தரும் உன்னைக் கூட்டிக்கொண்டு போக ஏலாது," என்றார். அந்த ஒருத்தரில் பாதுகாப்பு அமைச்சரும் அடக்கம்.

பத்தரைக்குக் கெல்சென்கிர்ச்சனில் மாப்பிள்ளை வீட்டில் பொன் உருகியது. கூடவே அந்த வீட்டுப் புகை மணியும் அலறியது. ஊன்ட்றொப்பில் எங்கள் வீட்டில் இருந்து நாங்கள் வீடியோவில் பார்த்துக் கைதட்டினோம். பதினொன்றரைக்கு முடிவு வந்தது: எல்லாரும். பன்னிரண்டுக்கு என் கப்டன் அழைத்தார். லீவு ரத்து, வெள்ளிக்கிழமை புறப்பாடு.

எனக்குப் போகவும் ஆசை, கலியாணத்துக்கும் ஆசை. அழுகை வருவதற்குள் அம்மா போனைப் பறித்துவிட்டார். மூச்சு விடாமல் ஜெர்மன் பேசினார். பொன் உருகிவிட்டதாம், பிள்ளை வெளியே வரமாட்டாளாம், வேண்டுமானால் கப்டன் ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வரலாமாம். நான் தலையணையைக் கடித்துக்கொண்டு சிரித்தேன்.

கப்டன் இரண்டாவது பிரிவு அடுத்த செவ்வாய் போகிறது, அதில் வரட்டும் என்றார். அம்மா விட்டால்தானே! புதன்கிழமை கலியாணம் முடிந்த நாலாம் சடங்காம், வியாழன் என்றால் சரியாம். வியாழன் கிடைத்தது. நானும் அம்மாவும் கட்டிப்பிடித்துக் குதித்த குதியில் கீழ்வீட்டுக்காரர் கூட்டும் தும்புத்தடியால் தன் கூரையைத் தட்டினார்.

அப்பா குதிக்கவில்லை. இளவயதில், வீடு புகுந்து ஆளைப் பிடித்துக்கொண்டு போன ஆமிக்குப் பயந்து ஊரைவிட்டு ஓடிவந்தவர். மூன்று வருடமாக என் சீருடையை அவர் நிமிர்ந்து பார்த்ததில்லை. கதிரையில் இருந்தபடியே சொன்னார்:

"ஆமி வீட்டில கேட்டு ஆளைக் கூட்டிக்கொண்டு போறதை இப்பதான் பாக்கிறன்."

அம்மாவின் சிரிப்பு நின்றுவிட்டது. அப்பா எழுந்து போய், அலுமாரியில் தொங்கிய என் பச்சைச் சீருடை மேலங்கியை எடுத்து, துணியின் தடிப்பை விரலால் பிடித்துப் பார்த்தார்.

"அங்க குளிர் கூடவாம். இது காணுமோ?"