எர்த் பட்டைக்கு அடியில் இரண்டு கோட் பெயிண்ட்

எனக்குப் பயமே கிடையாது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். கரண்டில் கை வைத்துப் பிழைக்கிறவனுக்கு என்ன பயம் என்று மீசையை முறுக்குவேன். அந்த மீசை இறங்கியது ஒரு பைக் ஹாரனால்.

ராஜபாளையத்தில், ஆஸ்பத்திரிகளுக்குப் பேண்டேஜ் துணி அனுப்பும் கம்பெனி ஒன்றில் நான் எலெக்ட்ரீஷியன். என் மனைவிக்கும் அங்கேதான் வேலை. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து இரண்டு பேரும் ஒரே பைக்கில் போய் வருவோம். பேண்டேஜில் கிருமி இருக்கக் கூடாது என்று, பெட்டிகளை ஒரு பெரிய இரும்பு அறைக்குள் அடுக்கி, கதவைச் சாத்தி, உள்ளே கேஸைத் திறந்துவிடுவார்கள். கண்ணுக்குத் தெரியாத கேஸ். வெளியே கசிந்த இடத்தில் ஒரு சின்னப் பொறி பட்டால் அந்த அறை நிற்கிற கூடமே இருக்காது. அதனால் அந்தக் கூடத்துக்குள் செல்போன் கூடாது, ஆணி அடித்த செருப்பு கூடாது, சாதாரண சுவிட்சு கூடாது.

சில மணி நேரம் கழித்து அறைக் கதவைத் திறப்பதற்கு முன்னால், மிச்சமிருக்கும் கேஸை ஒரு விசிறி உறிஞ்சிக் கூரைக்கு மேலே தள்ளிவிடும். விசிறியின் வாயில் ஒரு இரும்புக் கைப்பிடி உண்டு. அதைத் திருப்பினால்தான் வழி திறக்கும். திருப்புவது என் மனைவி.

மோட்டார் சுவருக்கு வெளியே இருக்கிறது. அங்கிருந்து பெல்ட் வந்து விசிறியைச் சுற்றுகிறது. ஓடுகிற பெல்ட்டால் விசிறியில் தானாகவே மின்சாரம் சேரும். நைலான் சட்டையைக் கழற்றும்போது சடசடவென்று பொறி பறக்கிறதே, அதே சமாச்சாரம். விசிறியோ ரப்பர் கட்டைமேல் உட்கார்ந்திருக்கிறது. சேர்ந்த மின்சாரம் தரைக்கு இறங்க ஒரே ஒரு வழிதான்: ஒரு செம்புப் பட்டை, ஒரு போல்ட். அதைத்தான் எர்த் என்போம்.

ஆயுதபூஜைக்கு எங்கள் கம்பெனியில் பெயிண்ட் அடிக்காத மெஷினே இருக்கக் கூடாது. கழுவி, துருவைச் சுரண்டி, பெயிண்ட் அடித்து, அதற்குமேல் சந்தனமும் குங்குமமும். கேஸ் கூடத்து விசிறிக்கு நானே பிரஷ்ஷை எடுத்தேன். மற்றவன் அடித்தால் திட்டுத்திட்டாக அடிப்பான், எனக்குப் பிடிக்காது. எர்த் பட்டை குறுக்கே நிற்கிறதே என்று போல்ட்டைக் கழற்றினேன். அடியிலும் விடாமல் இரண்டு கோட் வெள்ளிப் பெயிண்ட் அடித்து, காய்ந்ததும் பட்டையை அதன் மேலேயே வைத்து இறுக்கி முடுக்கினேன். விசிறி புது மாப்பிள்ளை மாதிரி மின்னியது. செக்கிங் புத்தகத்தில் ‘எர்த் சரி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மீட்டர் வைத்துப் பார்க்கவில்லை. பட்டை கண்ணுக்குத் தெரிகிறதே, அப்புறம் என்ன?

டப்பாவில் மிஞ்சிய பெயிண்டை வீட்டுக்குக் கொண்டுவந்து, துருப்பிடித்த என் பைக்குக்கும் பூசினேன்.

பூஜை முடிந்தும் இரண்டு நாள் கேஸ் சிலிண்டர் வரவில்லை. கூடத்தைக் காற்றாட விட வேண்டும் என்று விசிறியை மட்டும் ஓட்டினார்கள். இரண்டாம் நாள் சாப்பிடும்போது மனைவி சொன்னாள், “அந்தக் கைப்பிடியைத் தொட்டா விரல்ல சுருக்குங்குது. என்னன்னு பாருங்க.”

“உன்னத் தொட்டா எனக்குந்தான் சுருக்குங்குது. அதுக்கு யாரைக் கூப்பிட்டுக் காட்ட?” என்றேன். எனக்கே என் பேச்சு ரொம்பப் பிடித்துச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. குழம்பை ஊற்றிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் எனக்கு வார லீவு. சிலிண்டர் வந்துவிட்டது என்று அவள் பஸ் ஏறிப் போனாள். மத்தியானத்துக்கு மேல் நான் பைக்கை வன்னியம்பட்டிக்கு ரோடு பிரியும் விலக்கில் தெரிந்த மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். பூஜையிலிருந்து ஹாரன் அடிக்கவில்லை. அவர் ஒரு போல்ட்டைக் கழற்றிப் பார்த்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார்.

“நீங்கள்லாம் எலெக்ட்ரீஷியனா? எர்த்துக்கு அடியில எம்புட்டுப் பெயிண்டு! பொறவு எப்படிய்யா கரண்டு இறங்கும்?”

உப்புத்தாளை வைத்துப் பளபளவென்று இரும்பு தெரியும்வரை தேய்த்தார். போல்ட்டை முடுக்கினார். ஹாரன் அலறியது.

எனக்குக் கேஸ் கூடத்து விசிறி கண்முன் வந்தது. அதே பெயிண்ட், அதே பிரஷ், அதே கை. அவள் விரலில் சுருக்கென்று இருந்தது பொறி. நேற்று வரைக்கும் அங்கே கேஸ் இல்லை. இன்றைக்கு இருக்கிறது. மணி மூன்றேகால். மூன்றரைக்கு அவள் அந்தக் கைப்பிடியில் கை வைப்பாள்.

அவள் போன் கம்பெனி லாக்கரில் கிடக்கும். கேட்டில் இருக்கும் வாட்ச்மேனுக்கு அடித்தேன்.

“அண்ணாச்சி, கேஸ் கூடத்துல கைப்பிடியத் தொடக் கூடாது, கதவத் திறக்கக் கூடாதுன்னு சொல்லுங்க. விசிறிய வெளி மெயின்ல ஆப் பண்ணுங்க. ஒருத்தர் விடாம வெளிய வரச் சொல்லுங்க. ஓடுங்க!”

“இப்பத்தான தம்பி எல்லாரும் உள்ள போறாவ...” என்றவர் போனை அப்படியே போட்டுவிட்டு ஓடினார் போலிருக்கிறது. அதற்குப் பிறகு அடித்தால் மணி மட்டும் போய்க்கொண்டே இருந்தது.

பைக்கை எடுத்தேன். எப்படி ஓட்டினேன் என்று கேட்டால் சத்தியமாகத் தெரியாது. மலைப்பக்கம் கறுத்த மேகம் ஒன்று எழும்பி நின்றது. அதைப் புகை என்று நினைத்துக் கத்திவிட்டேன். தீபாவளிக்கு முன்கூட்டியே எவனோ ரோட்டோரம் ஒரு வெடியைப் போட, என் கை தானாக பிரேக்கைப் பிடித்துவிட்டது. பின்னால் வந்த லாரிக்காரர் என் குடும்பத்தையே இழுத்துத் திட்டினார். திட்டட்டும், என் குடும்பம் உயிரோடு இருக்கட்டும் என்று அழுதுகொண்டே ஓட்டினேன். தெரிந்த சாமி, தெரியாத சாமி என்று எல்லாரையும் கூப்பிட்டேன்.

கம்பெனிக் கட்டடம் நின்றது. முற்றத்து வேப்பமரத்தடியில் பெண்கள் கூடி நின்றார்கள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். அவள் இல்லை. மறுபடியும் முதலிலிருந்து பார்த்தேன். அப்புறம்தான் கண்ணில் பட்டாள். எல்லோரையும் விட்டுத் தள்ளி, குழாயடியில், சூப்பர்வைசரிடம் திட்டு வாங்கிக்கொண்டிருந்தாள்.

“உங்க வீட்டம்மா இன்னைக்கு என்னைய அலைக்கழிச்சுட்டாங்க,” என்றார் அவர். “கைப்பிடியில கை வைக்க மாட்டேன்னு ஒரே பிடிவாதம். நான் திருப்பப் போனா குறுக்க வந்து நிக்காங்க. உள்ள போனதும் சண்டை. அதுக்குள்ள வாட்ச்மேன் ஓடி வந்தாரு.”

அவள் என்னைப் பார்த்தாள்.

மேனேஜரிடம் போய்த் தப்பு என்னுடையது என்று சொன்னேன். அவர் செக்கிங் புத்தகத்தை எடுத்து என் கையெழுத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மூடி வைத்தார். இரண்டு திட்டாவது திட்டியிருக்கலாம். கூடத்தைப் பூட்டிவிட்டு, மறுநாள் பாதுகாப்பு ஆட்களை வரவழைத்து உள்ளே இருந்த கேஸை முறைப்படி வெளியேற்றினார்கள். அதன் பிறகு அந்த போல்ட்டடியைச் சுரண்டியவனும் நான்தான். இந்தத் தடவை மீட்டர் வைத்துப் பார்த்தேன், மூன்று தடவை.

கூடத்தைப் பூட்டிய அன்றைக்குச் சாயங்காலம் இரண்டு பேரும் பைக்கில் திரும்பினோம். பாதி வழியில் கேட்டேன், “உனக்கு எப்படித் தெரிஞ்சுது?”

“நேத்து சிரிச்சீங்கள்ல,” என்றாள் பின்னாலிருந்து. “பார்த்து வச்ச வேலைன்னா அரை மணி நேரம் விளக்கம் சொல்லுவீங்க. பார்க்காத வேலைக்குத்தான் உங்களுக்குச் சிரிப்பு வரும்.”

பத்து வருஷமாக இதைத் தெரிந்து வைத்திருந்துதான், தினமும் என் பின்னால் ஏறி உட்கார்ந்து அந்தக் கூடத்துக்கு வந்திருக்கிறாள். ஹாரனை அழுத்தினேன். ரோட்டில் எங்களுக்கு முன்னால் யாருமே இல்லை.