பசும்பால் சொதி

அக்காவின் மறுவீட்டு விருந்தில் சொதி திரிந்துபோன கதையைச் சொன்னால், எங்கள் ஆழ்வார்குறிச்சிச் சொந்தங்கள் இன்றைக்கும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். அதைச் சொல்லிப் பரப்பியவன் நான்தான்.

ஒரு கல்யாணப் பந்தியில் சாப்பிட்டு எழுந்த அப்பா, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது நான் தொட்டிலில் கிடந்தேன். எனக்கு அவர் ஒரு போட்டோ, அவ்வளவுதான். வீட்டில் எல்லாமே அப்பாவின் அண்ணன், பெரியப்பாதான். பாளையங்கோட்டையில் கிளார்க். அங்கே ஒரு டாக்டர் அவர் ரத்தத்தைச் சோதித்துவிட்டு, தேங்காயையும் எண்ணெயையும் குறைக்கச் சொன்னார். பெரியப்பாவுக்குக் குறைத்துப் பழக்கமில்லை, ஒரேயடியாக நிறுத்தினார். செக்கு நல்லெண்ணெய் போய், நெஞ்சுக்கு நல்லதென்று டிவி விளம்பரத்தில் வந்த பாக்கெட் எண்ணெய் தண்ணீர் மாதிரி வீட்டுக்குள் வந்தது. அவியலில் வெறும் காய்தான் கிடந்தது. ஆனால் பசித்தால் பேக்கரி பிஸ்கட்டை டப்பாவோடு காலி செய்வார். "இதுல தேங்கா கெடையாதுலே" என்பார். அதிலிருந்த வனஸ்பதி யார் கண்ணுக்குத் தெரிந்தது?

மறுவீட்டில் மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொதி இல்லையென்றால் எங்கள் பக்கத்தில் அது விருந்தே இல்லை. பாசிப்பருப்பையும் காய்கறியையும் தேங்காய்ப்பாலில் வேகவைத்து, இறக்கியபின் எலுமிச்சம்பழம் பிழிவார்கள். பெரியப்பா சமையல்காரரிடம் போய், தேங்காய்ப்பாலுக்குப் பதில் பசும்பால் ஊற்றச் சொன்னார்.

"அண்ணாச்சி, கடைசில பழம் புழியணுமே?"

"புழியும் வே. பாலுன்னா எல்லாம் பாலுதான்."

பிழிந்தார். பால் கட்டி கட்டியாக ஒரு பக்கம், தண்ணீர் ஒரு பக்கம் என்று பிரிந்துவிட்டது. பெரியப்பாவுக்குப் பயந்து அதையே பந்தியில் ஊற்றினார்கள். மாப்பிள்ளையின் அப்பா இலையில் விழுந்ததை விரலால் கிண்டிப் பார்த்தார்.

"என்ன சம்பந்தி, வாசல்ல தென்னை குலை தள்ளி நிக்கி. எங்களுக்கு ரெண்டு காய் ஒடைக்க மனசு வரலையோ?"

அடுப்படிக் கதவைப் பிடித்து நின்ற அக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. இந்தச் சொல்லைச் சுமந்துகொண்டுதான் அவள் அந்த வீட்டுக்குப் போகவேண்டும்.

பெரியப்பா முன்னால் வாயே திறக்காத அம்மா அன்று திறந்தாள். "தேங்காய ஒடைங்க. எல்லாரும் கொஞ்சம் பொறுத்துக்கிடணும்."

புதுச் சொதி வந்தது. அத்தான் சோற்றில் குளம் கட்டி அடித்தார். சம்பந்தியும் ஏப்பம் விட்டுச் சமாதானமானார். பெரியப்பா மட்டும் அத்தானின் இலையை விட்டு நகரவில்லை. கரண்டி குனியும்போதெல்லாம், "போதும் வே, போதும்" என்று பரிமாறுகிறவர் கையைத் தடுத்துக்கொண்டே இருந்தார். கஞ்சப் பிரபு என்று பந்தியில் கிசுகிசுத்தார்கள்.

அந்த வாரம் முழுக்க நான் தோளில் துண்டைப் போட்டு, வயிற்றைத் தள்ளிக்கொண்டு, யார் சாப்பிட உட்கார்ந்தாலும் பின்னால் போய் நின்று "போதும் வே, போதும்" என்றேன். புரையேறச் சிரித்தார்கள். அப்பாவின் போட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்த அம்மாவுக்கும் நடித்துக் காட்டினேன். அவள் சிரிக்கவில்லை.

"இன்னொரு தரம் சொல்லுலே" என்றாள், போட்டோவிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ரசிக்கிறாள் என்று நினைத்து, இன்னும் சத்தமாகச் சொன்னேன்.