இப்பதான் குடிச்சேன்

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். அஞ்சாவதோடு நின்றவன். எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

ஆஸ்திரேலியாவில் எதையும் ஒரு தடவைதான் கேட்பார்கள். நம் கடலூர்ப் பக்கம் காப்பி சாப்பிடுறிங்களா என்றால் இரண்டு தடவை வேண்டாம் என்போம், மூன்றாவது தடவை கை நீட்டுவோம். இங்கே முதல் ‘நோ’வோடு கெட்டிலை அணைத்துவிடுகிறார்கள். ஆறு வருடத்தில் இப்படி எத்தனையோ டீ போயிற்று. போன மாதம் வரை அதனால் ஒன்றும் கெட்டுவிடவில்லை.

என் மனைவி செல்வி இங்கே நர்ஸ். நான் ஆபீஸ்களைக் கூட்டித் துடைத்துக்கொண்டிருந்தவன். இப்போது, பல நாட்டிலிருந்து வந்தவர்களுக்கும் இந்த மண்ணின் பூர்வகுடிகளுக்கும் வீடு தேடிப் போய் ஒத்தாசை செய்யும் வேலைக்குப் பயிற்சி எடுக்கிறேன். கடைசிக் கட்டமாக, ஆன்ட்டி ரூத் என்று எல்லாரும் கூப்பிடும் பூர்வகுடி அம்மா ஒருவர் வீட்டுக்கு நாலு வாரம் போக வேண்டும். ‘இவன் வரலாம்’ என்று அவர் சொன்னால்தான் வேலை.

முதல் நாளே டீ ஊற்றி நீட்டினார். கூச்சத்தில், இப்பதான் குடிச்சேன் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொல்லிவிட்டேன். அவர் முகம் மாறியது. டீயைத் தொட்டியில் கொட்டினார். சாயங்காலம் பயிற்சி கொடுக்கும் லிண்டா போன் செய்தார். “அந்தக் காலத்துல பூர்வகுடிங்க வீட்டுக் கப்புல வெள்ளைக்காரங்க குடிக்க மாட்டாங்க. நீயும் அப்படித்தான்னு ஆன்ட்டி நினைச்சிட்டாங்க. வியாழக்கிழமை இன்னொரு தடவை வரட்டும், பாக்கலாம்னு சொல்றாங்க.”

“மூணு மாசமா என்னா மாமா படிச்சிங்க? குடுத்தா வாங்கிக் குடிக்கத் தெரியாதா?” என்றாள் செல்வி.

ஊரில், கீரப்பாளையத்தில் எங்கள் வயலுக்கு எலி பிடிக்க வரும் இருளர் காளி ஞாபகத்துக்கு வந்துவிட்டார். ஒருநாள் அவரைக் கூப்பிடப் போயிருந்தேன். புரட்டாசி வெயில். அவர் சம்சாரம் எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் நீட்டினார். எங்கள் ஆட்கள் யாரும் அவர்கள் வீட்டில் வாய் நனைக்க மாட்டார்கள். நாக்கு வறண்டு கிடந்தது. “இப்பதான் குடிச்சேன்” என்றேன். அந்த அம்மா தண்ணீரை முருங்கை மரத்தடியில் ஊற்றினார். அன்றைக்கு நான் மறுத்தது கூச்சத்தால் இல்லை. ஆன்ட்டி என்னைச் சரியாகத்தான் பார்த்துவிட்டாரோ என்று வியாழக்கிழமை வரை நினைத்துக்கொண்டே இருந்தேன்.

கதவைத் திறந்ததும் ஆன்ட்டி, “என்ன, இன்னைக்கும் குடிச்சிட்டுத்தான் வந்தியா?” என்றார்.

“இல்லிங்க. தாகமா இருக்கு. ஒரு டீ குடுங்க.”

வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வீட்டில் கேட்டு வாங்கினேன். வாய் வெந்துபோகிற சூடு, சர்க்கரையும் இல்லை. நிறுத்தாமல் குடித்தேன்.

“மெதுவா, மெதுவா! கப்பையும் முழுங்கிடாத” என்று சிரித்தார். “அடுத்த வியாழனும் வா.”

வேலை கிடைத்துவிடும் என்று லிண்டா சொல்கிறார். செல்வி ஊருக்கெல்லாம் போன் போட்டுச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அன்று கப்பைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் வந்தேன். கீரப்பாளையத்து டம்ளரைத்தான் இன்னும் கையில் வாங்கவில்லை.

ஆடி 18, ஞாயிற்றுக்கிழமை.