வாயில் பறி இருந்தபோது

பழவேற்காட்டு ஏரியில் இறால் தடவுகிறவர்களுக்கு வாய் பேசுவதற்கு அல்ல. இரண்டு கையும் தண்ணீருக்கடியில் சேற்றைத் தடவிக்கொண்டிருக்கும். பிடித்ததைப் போட ஒரு பறி வேண்டும். அதைப் பிடித்துக்கொள்ள மூன்றாவது கை கிடையாது. அதனால் பனையோலையில் சின்னப் பையாக முடைந்து, விளிம்பில் ஒரு ஓலைப் பட்டை வைத்து, அந்தப் பட்டையைப் பல்லில் கடித்துக்கொள்வோம். பறி மோவாய்க்குக் கீழே தொங்கும். விடிந்ததிலிருந்து வெயில் ஏறும்வரை அப்படியே தவழ்ந்து போவோம். வாயைத் திறந்தால் பறி தண்ணீரில் விழும், பிடித்ததெல்லாம் வந்த வழியே போய்விடும்.

நான் பிறவி வாயாடி. இது எனக்கு எவ்வளவு பெரிய தண்டனை என்று என் தங்கைக்குத் தெரியும். தெரிந்துதான் வம்பு செய்வாள். தண்ணீருக்குள் கையை விட்டு என் கால் கட்டைவிரலை நண்டு கிள்ளுவதுபோலக் கிள்ளுவாள். நான் அலறினால் அன்றைக்குச் சோறு போச்சு. பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணாலேயே திட்டுவேன். அவளுக்கு முன்பல் இரண்டுக்கும் நடுவில் ஒரு சந்து உண்டு. பட்டையைக் கடித்தபடியே அந்தச் சந்து வழியாக மூச்சு விட்டுவிட்டுச் சிரிப்பாள். அவள் பறி மட்டும் விழாது.

எங்களுக்கு வலையும் இல்லை, படகும் இல்லை. அதெல்லாம் கடலோரக் குப்பத்துக்காரர்களுக்கு. எங்கள் குடிசைகள் ஏரியின் மேற்குக் கரையில், பனங்காட்டை ஒட்டி இருந்தன. படுக்கிற பாய், அள்ளுகிற கூடை, தலைக்கு மேலே கூரை, எதையும் நாங்களே செய்துகொண்டால்தான் உண்டு. பறி எல்லாவற்றுக்கும் முதல். உப்புத் தண்ணீர் அதை ஒரு பருவத்துக்கு மேல் விட்டுவைக்காது, மக்கிப்போகும். முடையத் தெரியாதவள் அடுத்தவளிடம் போய்க் கை நீட்ட வேண்டும். நான் அப்படிக் கை நீட்டிக்கொண்டிருந்தவள்தான். நீட்டியது என் தங்கையிடம்.

அம்மா முடையும்போதெல்லாம் எதிரே உட்கார்ந்து பார்த்தவள் அவள். நான் அந்த நேரத்தில் ஊர்க்கதை பேசப் போயிருப்பேன். அம்மா செத்ததும் வீட்டில் ஓலை தெரிந்த கை அவளுடையது மட்டும்தான். அவளுக்கு இடதுகைப் பழக்கம். விளிம்பை மடித்துச் செருகும்போது அவள் மடிப்பு இடப்பக்கம் சாயும். கரையில் மற்ற எல்லோருக்கும் வலப்பக்கம். ஒரு நாள் என் பறியும் அவளே முடைய வேண்டியிருக்கிறதே என்று அலுத்துப்போய் என்னைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"நான் கண்ணாலம் கட்டிக்கினு போய்ட்டா உனுக்கு யாரு மொடைஞ்சி குடுப்பா? ஒக்காரு," என்றாள்.

எதிரெதிரே உட்கார்ந்தோம். அவளுடைய இடக்கை என் வலக்கைக்கு நேராக வந்தது. அவள் செய்கிறதை அப்படியே பார்த்துச் செய்தால் போதும், எனக்கு யோசிக்கிற வேலையே இல்லை. குருத்தோலையைக் கீறுவது, நனைத்துப் பதமாக்குவது, மணலும் தண்ணீரும் வடிந்தாலும் இறாலின் மீசை வெளியே நீளாத அளவுக்கு நெருக்குவது, கடிக்கிற பட்டையை நாலு மடிப்பாக மடித்து வாய் அறுக்காமல் விளிம்பைத் தேய்ப்பது. சின்னவளிடம் திட்டு வாங்கிக்கொண்டே கற்றுக்கொண்டேன். என் முதல் பறி ஒரு பக்கம் தொப்பை போட்டிருந்தது. அதைத் தன் தலையில் கவிழ்த்துக்கொண்டு, கோட்டைத் துரையின் தொப்பி என்று சொல்லி அவள் நடந்து காட்டினாள்.

அந்த வருஷம் மழை பொய்த்தது. ஏரி வற்றி ஓரமெல்லாம் உப்புப் பூத்தது. இறால் இல்லை. உள்நாட்டிலிருந்து எலும்பும் தோலுமாகச் சனங்கள் வந்து ஒல்லாந்து வெள்ளைக்காரர்களின் கோட்டைப் பக்கம் குந்தியிருந்தார்கள். அங்கே தரகர்கள் சுற்றினார்கள். பிள்ளைகளைக் கொடுத்தால் சோறு போட்டுக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போவார்கள் என்று பேச்சு. எங்கள் கரையில் யாரும் அப்படிச் செய்யவில்லை. செய்ய மாட்டோம் என்றுதான் நினைத்திருந்தேன்.

ஒரு காலையில் நடு ஏரியில் மிச்சமிருந்த தண்ணீரில் தடவிக்கொண்டிருந்தேன். அபூர்வமாகப் பறியில் கொஞ்சம் இறால் சேர்ந்திருந்தது. கரையில் எங்களைப் பெற்ற நைனாவும் தங்கையும் நின்றார்கள். அவள் தலையை எண்ணெய் இல்லாமலே படிய வாரியிருந்தாள். இரண்டு கையையும் வாயருகே குவித்துக் கத்தினாள்.

"அக்கா, கோட்டைக்குப் போறோம். போய்ட்டு வரேன்."

வாயில் பறி. கையைத் தூக்கி ஆட்டினேன். அவள் போகவில்லை, நின்றாள். போய்ட்டு வரேன் என்றால் போய்ட்டு வா என்று யாராவது சொல்ல வேண்டும், அதற்காக நின்றாள். நான் மறுபடியும் கையை ஆட்டினேன். நைனா ஏதோ சொன்னார். அவள் திரும்பி நடந்தாள். நான் இறாலைத் தேடினேன்.

மத்தியானம் நைனா தனியாக வந்தார். துண்டில் அரிசி இருந்தது. எங்கே அவள் என்று கேட்டேன். சோறு கிடைக்கிற இடத்தில் விட்டுவிட்டு வந்தேன் என்றார். வற்றிய ஏரியை நடந்தே கடந்து, மணல்மேட்டில் ஏறிக் கடற்கரைக்கு ஓடினேன். பெரிய கப்பல் கரைக்கு வராது. ஆட்களைச் சலங்குப் படகில் ஏற்றி அலைக்கு அந்தப்பக்கம் கொண்டுபோவார்கள். சலங்குகள் போய் முடிந்திருந்தன. ஈர மணலில் நிறையக் காலடிகள். எது அவளுடையது என்று குனிந்து தேடினேன்.

திரும்பி வந்தபோது நைனா அரிசியைப் பொங்கியிருந்தார். தின்றேன். ருசியாக இருந்தது. அந்த ருசியை நான் இன்னும் மன்னிக்கவில்லை. நைனா அதற்குப்பிறகு அதிக காலம் இருக்கவில்லை. ஊரார் அவரை ஏசினால் எனக்குப் பொறுக்காது. நான் ஏசினால் மட்டும் பொறுக்கும்.

அவள் கற்றுக்கொடுத்த பறிதான் என்னைக் காப்பாற்றியது. மழை வந்தது, ஏரி நிறைந்தது, இறால் வந்தது. எனக்குக் கல்யாணம் ஆயிற்று. என் மகள்களை எதிரே உட்காரவைத்துக் கற்றுக்கொடுத்தேன். அவர்கள் வலக்கை, நானும் வலக்கை, எதிரே இருந்து பார்த்ததில் எல்லாம் குழம்பிற்று. கடைசியில் என் பக்கத்தில் உட்காரவைத்தேன். இடப்பக்கம் சாயும் விளிம்பு எங்கள் கரையில் யாருக்கும் வரவில்லை. பறியைப் பல்லில் கடிக்கும்போதெல்லாம் ஒரே நினைப்புதான்: அவள் கேட்டாள், நான் பதில் சொல்லவில்லை. எப்படியாவது அதைச் சொல்லிவிட வேண்டும்.

என் தலை நரைத்தபிறகு ஒரு நாள், கோட்டைக்கு எதிர்க்கரையில் ஓடத்துக்குக் காத்திருந்தேன். கப்பலில் வேலைக்குப் போய்வரும் குப்பத்து ஆள் ஒருவன் பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை போட்டான். வெற்றிலையை எடுத்தது ஒரு ஓலைப் பையிலிருந்து. ஓலை நம் பனையோலை இல்லை, வேறு ஏதோ நாட்டு ஓலை. விளிம்பு இடப்பக்கம் சாய்ந்திருந்தது. விளிம்பில் பட்டை இருந்தது.

கேட்காமலே அதை அவன் கையிலிருந்து பிடுங்கினேன். பட்டையில் பல் தடம். முன்பல் இரண்டு, நடுவில் சந்து. அதன்மேல் விரலை வைத்தேன்.

எங்கே கிடைத்தது என்று கேட்டேன்.

"கடலுக்கு அந்தாண்ட பத்தாவியால ஒரு வூட்டு வாசல்ல ஒரு பொம்பள மொடைஞ்சிக்கினு இருந்தாம்மா. நம்ம பேச்சு அவளுக்குப் பாதிதான் வருது. பழவேற்காட்டு ஆளுன்னேன். இத்தக் குடுத்தா. இந்தப் பட்டை இன்னாத்துக்குனு கேட்டேன், பல்லுல கடிச்சிக் காமிச்சா. சிரிச்சிக்கினேதான் காமிச்சா. அப்பால உள்ள போய்ட்டா, வெளியவே வரல."

அவன் மறுபடியும் அதே ஊருக்குத்தான் கப்பலேறப் போகிறான் என்றான். அவன் கிளம்புவதற்குள் ஒரு பறி முடைந்தேன். என் ஆயுசிலேயே அதுதான் நல்ல பறி, தொப்பை கிடையாது. அவளிடம் போய்ச் சேர்ந்தால் அக்காவின் கை என்று தெரிய வேண்டுமே என்று பட்டையைக் கடித்தேன். முன்பல் எனக்குப் போய்விட்டிருந்தது. கடைவாயில் வைத்து, வலிக்க வலிக்கக் கடித்தேன். அவனிடம் கொடுத்து, வேறு எதுவும் சொல்ல வேண்டாம், இதை மட்டும் சொல் என்றேன்.

"போய்ட்டு வான்னு அக்கா சொல்லிச்சினு சொல்லு தம்பி."

அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். சரி என்றான்.

அதற்குப்பின் நான் கப்பல் பார்க்கிறவள் ஆனேன். தூரத்தில் கப்பல் பாய் தெரிந்தால் மணல்மேட்டுக்குப் போய் நிற்பேன். மகள்கள் சிரித்தார்கள், பிறகு சிரிப்பதை விட்டார்கள். அவன் வந்தபோது நேராக எங்கள் குடிசைக்கே வந்தான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. மடியிலிருந்து என் பறியை எடுத்து நீட்டினான்.

"சொல்ல முடியலம்மா. நான் போறதுக்கு முந்தியே போய்ட்டாளாம்."

எங்கே போனாள் என்று கேட்டேன். கேட்டபிறகுதான் எனக்கே புரிந்தது. அவன் தலை குனிந்துகொண்டான். பட்டையைத் திருப்பிப் பார்த்தேன். என் கடைவாய்ப் பல்லின் தடம் மட்டும் இருந்தது.

மறுநாள் அந்தப் பறியையே கடித்துக்கொண்டு ஏரியில் இறங்கினேன். பறியைக் கூரையில் தொங்கவிட்டு உட்கார்ந்து அழ எனக்கு வசதி இல்லை. சுற்றிலும் என் மகள்கள், அக்கம்பக்கத்துப் பெண்கள், எல்லோர் வாயிலும் பறி. யாருக்கும் பேச்சில்லை. நல்ல இறால் கிடைத்தது. பறி கனத்தது, தாடை வலித்தது. நிமிர்ந்து கரையைப் பார்த்தேன். அவள் நின்ற இடத்தில் ஒரு நாய் படுத்திருந்தது.

வாயைத் திறந்தேன். பறி விழுந்தது. "போய்ட்டு வாடி," என்று கத்தினேன், தொண்டை கிழிகிற மட்டும் கத்தினேன். பெண்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். வாயில் பறி இருந்ததால் யாரும் எதுவும் கேட்கவில்லை. இறாலெல்லாம் என் கால்களை உரசிக்கொண்டு போயின.